நார்வே உலகத்தைப் படிக்கத் தொடங்கிய கதை

2002-ஆம் ஆண்டில் தமிழ் நாளிதழ் படித்தவர்களுக்கு 'அனுசரணையாளர்' என்ற சொல் மறந்திருக்காது. அதுவரை அதிகம் புழங்காத அந்தச் சொல் திடீரென்று தலைப்புச் செய்திகளுக்கு வந்தது. இலங்கை அரசையும் விடுதலைப் புலிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்த நார்வேக்கு அந்தப் பெயர். எங்கோ வட துருவத்தை ஒட்டிக் கிடக்கும் நாடு, இலங்கையோடு பெரிய வணிகமோ பழைய காலனி உறவோ இல்லாத நாடு, ஏன் இங்கே வந்தது என்று அன்று பலரும் கேட்டார்கள். எண்ணெய்ப் பணம் என்றார்கள் சிலர். நோபல் பரிசு கொடுக்கும் நாடு, பெயர் வாங்க வந்திருக்கிறது என்றார்கள் வேறு சிலர்.

அந்தக் கேள்விக்கான விடையில் ஒரு பங்கு நார்வேயின் ஆய்வறைகளில் இருக்கிறது. ஒரு சிறிய நாட்டில் 'சர்வதேச உறவுகள்' என்ற படிப்பு எப்படி முளைத்தது, யார் வளர்த்தார்கள், அது அரசாங்கத்துக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், 2002-ல் ஆஸ்லோவிலிருந்து வந்த விமானங்களுக்குப் பின்னால் என்ன எண்ணம் இருந்தது என்பது கொஞ்சம் புரியும். இந்தத் துறையை முன்பின் அறியாதவர்களுக்காக, அடிப்படையிலிருந்தே சொல்கிறேன்.

முதலில், இது என்ன படிப்பு?

நாடுகள் ஏன் சண்டையிடுகின்றன, ஏன் ஒப்பந்தம் போடுகின்றன, போட்ட ஒப்பந்தத்தை எப்போது மதிக்கின்றன, எப்போது மீறுகின்றன என்று முறையாக ஆராய்வதுதான் சர்வதேச உறவுகள் இயல். மன்னர்களும் தூதர்களும் இருந்த காலமெல்லாம் இந்தச் சிந்தனை இருந்திருக்கிறது. குறளில் தூதுக்கென்று தனி அதிகாரமே உண்டு. ஆனால் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமாக இது உட்கார்ந்தது முதல் உலகப் போருக்குப் பிறகுதான். 1919-ல் வேல்ஸின் அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் இதற்கான முதல் பேராசிரியர் பதவி உருவானது. இவ்வளவு பேர் செத்த பிறகாவது போரின் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற தவிப்பு அதன் பின்னால் இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு துறையின் மையம் அமெரிக்காவுக்கு நகர்ந்தது. ஹார்வர்டில் கற்பித்த ஸ்டான்லி ஹாஃப்மன் 1977-ல் இதை 'ஓர் அமெரிக்க சமூக அறிவியல்' என்றே அழைத்தார். காரணம் எளிது. உலகத்தை நடத்தும் பொறுப்பு தன்னிடம் இருப்பதாக நினைக்கும் நாட்டுக்கு உலகத்தைப் பற்றிய அறிவு உடனடியாகத் தேவைப்படுகிறது. அதற்குப் பணமும் இருக்கிறது. விளைவாக, பாடநூல்களில் இருக்கும் கேள்விகள் பெரும்பாலும் வல்லரசுகளின் கேள்விகள்: எதிரியை எப்படித் தடுப்பது, அணு ஆயுதம் எத்தனை இருந்தால் போதும், கூட்டாளிகளை எப்படிக் கட்டிக்காப்பது.

கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதிய ஒரு காட்சியை இந்தத் துறையின் மாணவர்கள் எல்லோரும் படிப்பார்கள். ஏதென்ஸின் படை மீலோஸ் என்ற சிறு தீவின் கரையில் வந்து நிற்கிறது. பணிந்துவிடுங்கள், வலியவர் முடிந்ததைச் செய்வார்கள், எளியவர் பட வேண்டியதைப் படுவார்கள் என்கிறார்கள் ஏதென்ஸின் தூதர்கள். மீலோஸ் மறுக்கிறது, அழிகிறது. பெரிய நாட்டில் உட்கார்ந்து இதைப் படிப்பவர் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்ற பாடமாகப் படிக்கிறார். சிறிய நாட்டில் உட்கார்ந்து படிப்பவருக்கு அது தன் ஊர்க் கதை. நாம் வேறென்ன செய்திருக்கலாம் என்றுதான் அவர் மனம் ஓடும். சிறிய நாடுகளின் சர்வதேச உறவுகள் இயல் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

'சிறிய' என்றால் நிலப்பரப்பு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நார்வேயின் நிலப்பரப்பு தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் மக்கள்தொகை சுமார் 55 லட்சம்தான், சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வாழ்பவர்களைவிடக் குறைவு. அதைவிட முக்கியம், உலக விதிகளைத் தனியாக நின்று எழுத முடியாத நாடு அது. பிறர் எழுதிய விதிகளுக்குள் வாழ வேண்டும், அல்லது மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு அந்த விதிகளைத் திருத்த வேண்டும். அந்தப் பொருளில்தான் அது சிறிய நாடு.

நூலகம் முதலில் வந்தது

நார்வே தனி நாடானது 1905-ல். அதுவரை சுவீடனோடு ஒரே அரசரின் கீழ் இருந்தது. வெளியுறவுத் துறை முழுவதும் சுவீடனின் கையில். நார்வேயின் கப்பல்கள் உலகமெங்கும் ஓடின, ஆனால் அந்தந்தத் துறைமுகங்களில் நார்வேக்கென்று சொந்தத் தூதரகம் கிடையாது. பிரிவினை முற்றியதற்கு இதுவே முக்கியமான காரணங்களில் ஒன்று.

ஆல்ஃபிரட் நோபல் 1895-ல் எழுதிய உயிலில், அமைதிக்கான பரிசை மட்டும் நார்வே நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் குழு வழங்க வேண்டும் என்று எழுதி வைத்தார். சொந்த வெளியுறவுக் கொள்கையே இல்லாத நாட்டின் கையில் இப்படி ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது. யாருக்குப் பரிசு கொடுப்பது என்று முடிவு செய்ய உலகத்தைப் படிக்க வேண்டுமே. 1904-ல் நோபல் நிறுவனம் ஆஸ்லோவில் (அன்று அதன் பெயர் கிறிஸ்டியானியா) நிறுவப்பட்டது. அதோடு சர்வதேசச் சட்டம், அமைதி இயக்கம், ராஜதந்திரம் பற்றிய நூலகமும் வளர்ந்தது. தனி நாடாவதற்கு ஓராண்டு முன்பே, உலகத்தைப் படிப்பதற்கான அலமாரிகள் தயாராகிவிட்டன.

அந்தக் குழுவின் முதல் செயலாளர் கிறிஸ்டியன் லாங்கே. பின்னர் நாடாளுமன்றங்களின் சர்வதேச ஒன்றியத்துக்குப் பொதுச்செயலாளராகி, உலகப் போர்க் காலத்தில் அதை உயிரோடு வைத்திருந்தவர். சர்வதேசியம் என்ற எண்ணத்தின் வரலாற்றை எழுதி 1919-ல் முனைவர் பட்டம் பெற்றார். 1921-ல் அமைதி நோபலும் பெற்றார். சட்டமும் நடுவர் மன்றமும் சிறிய நாடுகளின் கேடயம் என்று நம்பிய தலைமுறையின் முகம் அவர்.

அந்த நம்பிக்கை 1940 ஏப்ரல் 9 அன்று உடைந்தது. நடுநிலை அறிவித்திருந்த நார்வேக்குள் ஜெர்மன் படை நுழைந்தது. ஐந்து ஆண்டுகள் ஆக்கிரமிப்பு. 'இனி ஒருபோதும் ஏப்ரல் 9 வேண்டாம்' என்பது போருக்குப் பிறகு அந்நாட்டு அரசியலில் ஒரு மந்திரம் போலவே ஆனது. 1949-ல் நார்வே நேட்டோவின் நிறுவன உறுப்பினராகச் சேர்ந்தது. சேர்த்த வெளியுறவு அமைச்சர் யார் தெரியுமா? ஹால்வார் லாங்கே, கிறிஸ்டியன் லாங்கேயின் மகன். அப்பா சட்டத்தை நம்பினார், மகன் கூட்டணியை நம்ப வேண்டியிருந்தது. நார்வேயின் சர்வதேச உறவுகள் இயல் இந்த இரண்டு நம்பிக்கைகளுக்கும் நடுவேதான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1959: ஒரே ஆண்டில் இரண்டு வீடுகள்

இந்த ஆண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மீதிக் கதை தானாக விளங்கும்.

1959-ல் நார்வே நாடாளுமன்றம் நார்வே சர்வதேச விவகார நிறுவனத்தை உருவாக்கியது. சுருக்கமாக நூபி என்பார்கள். அதன் முதல் இயக்குநர் ஜான் சானெஸ் என்ற வரலாற்றாசிரியர். சோவியத் ஒன்றியம், நேட்டோ, ஐ.நா., ஐரோப்பா, வளரும் நாடுகள் என்று நாட்டுக்கு உடனே தேவைப்பட்ட அறிவைத் திரட்டுவது அதன் வேலை.

அதே 1959-ல், ஆஸ்லோவின் சமூக ஆய்வு நிறுவனத்துக்குள் ஒரு சிறு பிரிவாக இன்னொன்று தொடங்கியது. அதுவே பின்னர் தனி நிறுவனமாகி, பிரியோ என்ற பெயரில் உலகம் அறிந்த அமைதி ஆய்வு நிறுவனமானது. அதைத் தொடங்கியவர்களில் முன்னணியில் நின்றவர் யோஹான் கால்துங். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

இரண்டு வீடுகளின் கேள்விகளும் வேறு. நார்வே எப்படிப் பத்திரமாக இருப்பது என்று கேட்டது ஒரு வீடு. அமைதி என்றால் என்ன, அதை யாருக்காகத் தேடுகிறோம் என்று கேட்டது மற்றது. சிறிய ஊர் என்பதால் இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் அறிவார்கள், ஒரே கருத்தரங்குகளில் மோதிக்கொள்வார்கள். பெரிய நாடுகளில் இப்படி எதிரெதிரான பள்ளிகள் தனித்தனி நகரங்களில், ஒன்றையொன்று படிக்காமலேயே வாழ்ந்துவிட முடியும். ஆஸ்லோவில் அது முடியாது.

கால்துங்கின் காசநோயாளி

கால்துங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் துறைக்கு நார்வே கொடுத்த சொற்களில் அதிகம் பரவியவை அவருடையவை. நமக்கும் அவருக்கும் இடையே காந்தி என்ற கண்ணியும் இருக்கிறது.

ஆக்கிரமிப்புக் காலத்தில் அவருடைய தந்தையை நாஜிகள் கைது செய்தார்கள். அந்தச் சிறுவன் வளர்ந்ததும் ராணுவ சேவைக்கு மனச்சாட்சியின் பேரில் மறுப்புத் தெரிவித்தான். மாற்றுச் சேவை செய்தான். ஆனால் மறுத்தவர்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட கூடுதல் ஆறு மாதங்களை அமைதிப் பணியில் கழிக்க விடுங்கள் என்று கேட்டான். அரசு ஒப்பவில்லை. அந்த ஆறு மாதமும் சிறை. தத்துவ ஆசிரியர் ஆர்னே நெஸ்ஸும் அவரும் சேர்ந்து எழுதிய, காந்தியின் அரசியல் அறத்தைப் பற்றிய நூல் 1955-ல் வெளிவந்தது. அதற்கான அவருடைய உழைப்பில் ஒரு பகுதி சிறைக்குள் நடந்தது.

1964-ல் கால்துங் ஆங்கிலத்தில் ஓர் அமைதி ஆய்விதழைத் தொடங்கினார். ஆஸ்லோவிலிருந்து, உலகத்துக்காக. அதன் முதல் இதழிலேயே ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். துப்பாக்கிச் சத்தம் நின்றிருப்பது எதிர்மறை அமைதி. மனிதர்கள் நியாயமாகச் சேர்ந்து வாழும் ஏற்பாடு உருவாகியிருப்பது நேர்மறை அமைதி. 'எதிர்மறை' என்பதற்கு இங்கே கெட்டது என்று பொருளில்லை, ஒன்று இல்லாமலிருப்பது என்று பொருள். 2002-ல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 சாலை திறந்தபோது யாழ்ப்பாணத்துக்குப் பேருந்தில் போக முடிந்தது, மக்கள் மூச்சுவிட்டார்கள். அது எதிர்மறை அமைதி, அதன் மதிப்பு மிகப் பெரியது. ஆனால் அதிகாரத்தை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி அப்படியே கிடந்தது. நேர்மறை அமைதி அந்தக் கேள்விக்கு அந்தப் பக்கம் இருந்தது.

1969-ல் அவர் எழுதிய கட்டுரைதான் 'கட்டமைப்பு வன்முறை' என்ற கருத்தை நிலைநாட்டியது. அதில் ஓர் எடுத்துக்காட்டு. 18-ஆம் நூற்றாண்டில் ஒருவர் காசநோயால் இறந்தால் அதை வன்முறை என்று சொல்வது கடினம், ஏனென்றால் அப்போது மருந்தே இல்லை. உலகில் எல்லா மருத்துவ வசதியும் வந்த பிறகும் ஒருவர் அதே காசநோயால் இறந்தால், அங்கே வன்முறை இருக்கிறது. யாரும் அவரை அடிக்கவில்லை, சுடவில்லை. ஆனால் தடுத்திருக்கக்கூடிய சாவு அது. மனிதரால் எட்டக்கூடிய நிலைக்கும் அவர் உண்மையில் இருக்கும் நிலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை உண்டாக்குவது எதுவோ அதுவே வன்முறை என்று விளக்கினார்.

சாதியைப் பற்றிப் பேசுபவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ஒருவர் கை ஓங்காமலேயே ஒரு தெருவின் ஆயுள் குறைவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் ஏவுகணைகளை எண்ணிக்கொண்டிருந்த சர்வதேச உறவுகள் துறைக்குள் காசநோயாளி நுழைந்தது அன்று அதிர்ச்சிதான்.

எதிர்ப்பும் வந்தது. அமெரிக்காவில் வாழ்ந்த பொருளியல் அறிஞர் கென்னத் போல்டிங், 1977-ல் கால்துங் தொடங்கிய அதே இதழில், நட்போடு பன்னிரண்டு சண்டைகள் போடுகிறேன் என்று தலைப்பிட்டே எழுதினார். வறுமை உண்டாகும் விதம் வேறு, போர் மூளும் விதம் வேறு, இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இரண்டுமே புரியாமல் போகும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அந்த வாதத்தில் எடை இருக்கிறது. என் வாசிப்பில், காரணங்களைத் தேடும்போது போல்டிங் உதவுகிறார், எதைப் பார்க்காமல் விடுகிறோம் என்று கேட்கும்போது கால்துங் உதவுகிறார். கால்துங்கின் பிற்காலப் பேச்சுகள் சில கடும் கண்டனத்துக்கு ஆளாயின. அவர் 2024 பிப்ரவரியில் காலமானார்.

அவர் மாரி ஹோல்ம்போ ரூகேயோடு சேர்ந்து 1965-ல் எழுதிய இன்னொரு கட்டுரையும் தொடக்க வாசகர்களுக்கு மிகவும் பிடிக்கும். காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நான்கு நார்வே நாளிதழ்கள் எப்படி வெளியிட்டன என்று ஆராய்ந்தார்கள். தொலைவில் இருப்பவர்களின் துயரம் எந்த வடிகட்டிகளைத் தாண்டிச் செய்தியாகிறது என்பதே கேள்வி. வல்லரசு நாடு, மேட்டுக்குடி மனிதர், கெட்ட நிகழ்வு, எதிர்பார்த்த மாதிரியே நடந்தது, இப்படிப்பட்டவை எளிதில் உள்ளே வரும். இன்று உலகெங்கும் இதழியல் வகுப்புகளில் சொல்லித்தரும் 'செய்தி மதிப்பு' என்ற பாடத்துக்கு இதுவே ஊற்று. உலகத்தைச் செய்தி வழியாக மட்டுமே அறிய முடிந்த ஒரு சிறு நாட்டில்தான் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழும் என்று நினைக்கிறேன்.

பாதுகாப்பைப் படித்தவர்கள்

மற்ற வீட்டுக்கு வருவோம். சோவியத் ஒன்றியத்தோடு நார்வேக்கு நில எல்லை இருந்தது, இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நேட்டோவில் சேர்ந்தாலும், சமாதானக் காலத்தில் அந்நியப் படைத்தளம் கிடையாது என்று 1949-லேயே நார்வே அறிவித்தது. அணு ஆயுதமும் வைக்க மாட்டோம் என்று 1957-ல் சொன்னது. ஒரு கையால் கதவைத் தாழிட்டு, மறு கையால் பக்கத்து வீட்டுக்காரரிடம் பயப்படாதே என்று சைகை காட்டும் நிலை. நூபியின் ஆய்வாளர் யோஹான் யோர்கன் ஹோல்ஸ்ட் இதைத் தடுப்பும் தணிப்பும் என்ற இரட்டைக் கருத்தாக வடித்தார். எதிரியைத் தடுக்கவும் வேண்டும், அவருடைய அச்சத்தைத் தணிக்கவும் வேண்டும், இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஆபத்து.

ஆர்னே ஒலாவ் புருண்ட்லாந்து இதை வட ஐரோப்பா முழுமைக்கும் விரித்து, 1966-ல் 'நார்டிக் சமநிலை' பற்றி எழுதினார். அன்று நார்வேயும் டென்மார்க்கும் தளமில்லாத நேட்டோ உறுப்பினர்கள். சுவீடன் அன்று நடுநிலை நாடு. பின்லாந்து சோவியத்தோடு 1948-ல் நட்பு ஒப்பந்தம் போட்ட நாடு. சோவியத் பின்லாந்தை அழுத்தினால் நார்வே தளங்களைத் திறந்துவிடலாம், அதனால் சோவியத் அழுத்தாது. அமெரிக்கா இங்கே தளம் கேட்டால் பின்லாந்து நசுங்கும், அதனால் அமெரிக்காவும் வற்புறுத்தாது. நான்கு சிறிய நாடுகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன என்பது கருத்து. உண்மையில் இது அப்படியே இயங்கியதா என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகித்தார்கள். ஆனால் சிறிய நாடுகளைச் சதுரங்கக் காய்களாக மட்டும் பார்க்காமல், ஆட்டத்தை மாற்றுபவர்களாகப் பார்த்த முயற்சி அது.

வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கும் ட்ரோம்சோ பல்கலைக்கழகத்திலிருந்து கெய்ர் லுண்டஸ்டாட் 1986-ல் இன்னொரு கருத்தைத் தந்தார்: 'அழைப்பின் பேரில் பேரரசு'. அமெரிக்கா மேற்கு ஐரோப்பாவுக்குள் வலுக்கட்டாயமாகப் புகுந்தது என்று ஒரு சாரார் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பியர்களே வாசலில் நின்று அழைத்தார்கள் என்று இவர் காட்டினார். அழைத்தவர்களின் நாட்டில் பிறந்தவருக்கு அந்த அழைப்பு கண்ணில் பட்டது.

கதவுகள் நெருங்கி இருக்கும் ஊர்

சிறிய நாட்டின் ஆய்வுலகத்துக்கே உரிய ஒரு குணம், ஆய்வாளரின் மேசைக்கும் அமைச்சரின் மேசைக்கும் நடுவே தூரம் மிகக் குறைவு. இதில் பலமும் இருக்கிறது, கேடும் இருக்கிறது.

ஹோல்ஸ்ட் நூபியின் இயக்குநரானார், பிறகு பாதுகாப்பு அமைச்சரானார், 1993-ல் வெளியுறவு அமைச்சரானார். புருண்ட்லாந்தின் மனைவி குரோ ஹார்லெம் புருண்ட்லாந்து மூன்று முறை நாட்டின் பிரதமராக இருந்தவர். இவ்வளவு நெருக்கம் இருந்தால் ஆய்வு வீணாக அலமாரியில் தூங்காது. அதே நெருக்கத்தில், அமைச்சகத்துக்குக் கசக்கும் கேள்வியைக் கேட்க நாக்கு தயங்கவும் கூடும்.

தயங்காதவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. பிரியோவின் நில்ஸ் பெட்டர் கிளெடிட்ச், நியூசிலாந்துக்காரரான ஓவன் வில்க்ஸ் இருவரும் நார்வே மண்ணில் இருந்த ரேடியோ ஒட்டுக்கேட்பு நிலையங்களைப் பற்றி 1979-ல் ஓர் அறிக்கை எழுதினார்கள். தொலைபேசி விவரத்தொகுப்பு போன்ற, யாரும் புரட்டக்கூடிய ஆவணங்களே அவர்களுடைய மூலங்கள். ஆனாலும் தகவல்களை ஒன்றுசேர்த்ததே ரகசியத்தை வெளிப்படுத்தியது ஆகும் என்று வழக்கு வந்தது. 1981-ல் நீதிமன்றம் இருவரையும் குற்றவாளிகள் என்றது, அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அந்தக் கிளெடிட்ச் பின்னர் கால்துங் தொடங்கிய இதழைப் பல ஆண்டுகள் நடத்தி, அதை உலகின் முன்னணி ஆய்விதழ்களில் ஒன்றாக்கினார்.

அவருடைய காலத்தில் பிரியோவின் முகமும் மாறியது. தத்துவத்திலிருந்து எண்களுக்கு நகர்ந்தது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, 1946 முதல் நடந்த ஆயுத மோதல்கள் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் அடுக்கிய தரவுத்தொகுப்பை 2002-ல் வெளியிட்டார்கள். ஓராண்டில் போர்ச் சாவு 25-ஐ எட்டினால் அது பட்டியலுக்குள் வரும். போர்கள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று இன்று நாளிதழில் ஒரு வரைபடம் பார்த்தால், அதன் அடியில் பெரும்பாலும் இந்தத் தரவு இருக்கும். உலகத்துக்குப் பெரிய உதவி இது. ஆனால் கால்துங்கின் காசநோயாளி அந்தப் பட்டியலில் வரமாட்டார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இந்த ஆய்வெல்லாம் ஆங்கிலத்தில்தானே நடக்கிறது, சாதாரண நார்வேக்காரருக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெர்கன் நகரத்தின் மைக்கெல்சன் நிறுவனம் 1930-ல் தோன்றியது. அதன் முயற்சியில் 1937-ல் நார்வே மொழியிலேயே ஒரு சர்வதேச அரசியல் இதழ் பிறந்து, பிறகு நூபியின் கைக்கு வந்தது. இதோடு, 'எங்கே நடக்கிறது?' என்ற பொருள் தரும் பெயரில் நூபி ஒரு சிறு வெளியீட்டையும் கொண்டுவந்தது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு உலக விவகாரம், பள்ளி மாணவருக்குப் புரியும் மொழியில். ஐம்பது லட்சம் பேர் பேசும் மொழியில் இது முடிந்திருக்கிறது. எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழியில் இப்படி ஒன்று இன்னும் நமக்கு வேண்டியிருக்கிறது என்று நினைக்கும்போது ஏக்கமாக இருக்கிறது.

ஓர் ஆய்வேடும் அதன் பயணமும்

1988-ல் ஓர் இளம் ஆய்வாளரின் நூல் வெளிவந்தது. பெயர் யான் எகெலாந்து. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய ஆய்வேட்டின் நூல் வடிவம் அது. வலுவற்ற வல்லரசு, வலுவுள்ள சிறுநாடு என்பது தலைப்பின் பொருள். அமெரிக்காவையும் நார்வேயையும் மனித உரிமை விஷயத்தில் ஒப்பிட்டார். அமெரிக்காவுக்கு எல்லா இடத்திலும் ஏதாவது நலன் சிக்கிக்கொண்டிருக்கிறது, அதனால் அது சொல்வதை யாரும் நம்புவதில்லை. நார்வேக்குக் காலனி வரலாறு இல்லை, மறைவான நோக்கம் இருக்கிறது என்று யாரும் சந்தேகிப்பதில்லை, உதவிப் பணம் இருக்கிறது, முடிவெடுக்கும் வட்டம் சிறியது. ஆகவே அதனால் அதிகம் செய்ய முடியும், அந்த வாய்ப்பை நார்வே முழுதாகப் பயன்படுத்தவில்லை என்பது அவர் வாதம்.

சில ஆண்டுகளில் அவரே வெளியுறவு அமைச்சகத்தில் துணை அமைச்சர் நிலைக்கு வந்துவிட்டார். 1993-ல் இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் ரகசியமாகச் சந்தித்தது நார்வேயில்தான். அந்தச் சந்திப்புகளுக்கு மறைப்பாக இருந்தது ஃபாஃபோ என்ற ஆய்வு நிறுவனம். வெளியே கேட்டால் கல்விக் கருத்தரங்கு. ஃபாஃபோ உண்மையிலேயே காசா, மேற்குக் கரை மக்களின் வாழ்நிலையைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது, அந்த ஆய்வில் மரியானே ஹைபர்க் என்ற மானுடவியலாளர் முன்னணியில் இருந்தார். அவர் அமைச்சர் ஹோல்ஸ்டின் மனைவி. ஆய்வாளர், தூதர், அமைச்சர் எல்லோரும் ஒரே சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரக்கூடிய நாட்டில்தான் இப்படி ஒரு வழி திறக்கும்.

அந்தச் சந்திப்புகளில் பிறந்த ஆஸ்லோ உடன்பாடு கொடுத்த பெயரோடு 'நார்வே மாதிரி' உலகெங்கும் போனது. குவாத்தமாலா, சூடான், பிலிப்பைன்ஸ், இலங்கை. 2002 பிப்ரவரி 22 அன்று இலங்கையில் போர்நிறுத்த உடன்பாடு. செப்டம்பரில் தாய்லாந்தில் தொடங்கி 2003 மார்ச்சில் ஜப்பானில் முடிந்த ஆறு சுற்றுப் பேச்சு. அதன் பிறகு பேச்சு முறிந்தது, 2008 ஜனவரியில் அரசு உடன்பாட்டிலிருந்து விலகியது, 2009 மே மாதம் போர் எப்படி முடிந்தது என்பதை நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

எகெலாந்தின் நூலில் பலமாகச் சொல்லப்பட்டது எதுவோ, அதுவே இங்கே பலவீனமாகத் தெரிந்தது. மறைவான நோக்கம் இல்லாத நாட்டிடம், உடன்பாட்டை மீறுபவரைக் கட்டுப்படுத்தும் கையும் இல்லை.

நார்வேயின் ஆய்வாளர்களும் தம் நாட்டை நோக்கிக் கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தார்கள். பெர்கன் பல்கலைக்கழகத்தின் டெர்யே ட்வெட், உதவிப் பணம், தொண்டு நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள், அமைச்சகம் எல்லாம் ஒரே ஆட்கள் இடம் மாறி உட்காரும் ஒற்றை அமைப்பாகிவிட்டது, நல்லது செய்கிறோம் என்ற எண்ணமே கேள்வி கேட்பதைத் தடுக்கிறது என்று எழுதினார். நூபியின் ஐவர் நாய்மன், வெளியுறவு அமைச்சகத்துக்குள்ளேயே வேலை பார்த்து, ஒரு மானுடவியலாளரின் கண்ணோடு அதைக் கவனித்தார். அமைச்சரின் உரை எழுதப்படும் விதத்தைப் பற்றி 2007-ல் அவர் எழுதிய கட்டுரை அருமையானது. ஒவ்வொரு பிரிவும் தன் வரி அதில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறது. கடைசியில் முழு அமைச்சகமும் ஒப்புக்கொள்ளும் உரை பிறக்கிறது, புதிதாக எதுவும் அதில் இருப்பதில்லை.

இலங்கை முயற்சியைப் பற்றிய சுயேச்சையான மதிப்பீட்டை நார்வே அரசின் உதவி நிறுவனமே கேட்டு வாங்கியது. எழுதியது பெர்கனின் அதே மைக்கெல்சன் நிறுவனமும் லண்டனின் சோவாஸ் கல்லூரியும். 2011 நவம்பரில் அது வெளிவந்தபோது, சமாதானத் தூதராக இலங்கைக்கு வந்துபோன எரிக் சொல்ஹெய்ம் ஆஸ்லோவில் அமைச்சராகவே இருந்தார். 'சமாதானத்தின் பகடைக்காய்கள்' என்ற பொருள்படும் தலைப்பு. வலுவில்லாத மூன்றாம் தரப்பாக நார்வே இருந்தது, தென்னிலங்கை அரசியலின் ஆழத்தைக் குறைத்து எடைபோட்டது, பின்னணியில் பிற நாடுகளின் உறுதியான ஆதரவைத் திரட்டவில்லை என்று அந்த அறிக்கை பேசுகிறது.

இந்தத் துறையைப் படிக்கத் தொடங்கும் தமிழ் மாணவர் யாராவது எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நான் இரண்டை மட்டும் சொல்வேன். 1969-ல் கால்துங் எழுதிய கட்டுரை, 2011-ல் வந்த இந்த அறிக்கை. இரண்டுக்கும் நடுவே 42 ஆண்டுகள். முதலாவதில் பெயரில்லாத ஒரு காசநோயாளி இருக்கிறார். இரண்டாவதில் கிளிநொச்சி இருக்கிறது.